சட்டைக்கு ஒரு மரம்

தன் வேலையைப் பற்றி அவள் கணவர் வீட்டில் சொன்னது மொத்தமே ஒரு வாக்கியம்தான்: "ஒதுங்கி நிக்க ஒரு நிழல் கிடையாது." பூட்ஸைக் கழற்றும்போது சொல்வார். கழுத்தைத் துடைத்துக்கொண்டே இன்னொரு முறை சொல்வார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும் புல்வெளிக்கு அவர் காவலர். அரசு நிலம். அங்கே குப்பை கொட்டக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, மண் அள்ளக் கூடாது. காவல் போட்டுக் காக்கும் அளவுக்கு அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்று அவள் கேட்டதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அங்கே கால் வைத்ததும் இல்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மொட்டை வெளி. பார்க்க வேண்டியது அவ்வளவுதான் என்று முடிவு செய்திருந்தாள்.

அவள் துணிக் கம்பெனியில் விளம்பரப் பிரிவுக்குத் தலைமை. இந்த மாதம் ஒரு நிறத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதும், அடுத்த மாதம் அதே நிறத்தை யாரும் சீண்டாதபடி செய்வதும் அவள் தொழில். படு கெட்டிக்காரி. அவரோ இரண்டு காக்கிச் சட்டைகளை மாற்றி மாற்றித் துவைத்துப் போடுகிற ஆள். முழங்கை கிழிந்தால் ஊசி நூலோடு தானே உட்கார்ந்துவிடுவார்.

"உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும், எங்க கம்பெனிய இழுத்து மூடிடலாம்" என்பாள்.

"நல்லதாப் போச்சு" என்பார் அவர், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

'சட்டைக்கு ஒரு மரம்' அவள் மூளையில் உதித்த யோசனை. நீங்கள் ஒரு சட்டை வாங்கினால் உங்கள் பெயரில் ஒரு மரம் நடப்படும். ஜனங்களுக்குச் சட்டை தேவையோ இல்லையோ, மனசாட்சிக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்க வேண்டும். விற்றுத் தள்ளியது. கணவரின் தங்கை ஒருத்தியே ஒன்பது சட்டை வாங்கினாள். "எனக்குன்னு ஒரு தோப்பே ஆயிடுச்சு அண்ணி!" என்று போனில் குதித்தாள். பீரோ மூட மாட்டேன் என்கிறது என்று அடுத்த வாரமே இன்னொரு பீரோவும் வாங்கினாள். மர பீரோ.

இத்தனை மரத்தையும் எங்கே நடுவது என்று மேனேஜர் கேட்டபோது, அவளுக்குப் பளிச்சென்று பட்டது அந்த மொட்டை வெளிதான். அவருக்குப் பிறந்தநாள் வருகிறது. நிழல் இல்லை, நிழல் இல்லை என்று புலம்பும் மனிதருக்கு ஒரு காட்டையே பரிசாகக் கொடுத்தால்? நினைக்க நினைக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நேராக அவருடைய மேலதிகாரியைப் போய்ப் பார்த்தாள். சும்மா வருகிற காட்டை யார் வேண்டாம் என்பார்கள்? அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"ஒரே ஒரு உதவி சார். இது அவர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. பிறந்தநாள் சர்ப்ரைஸ்."

"அதுக்கென்னம்மா, பயிற்சின்னு சொல்லி வெளியூருக்கு அனுப்பி வச்சிடறேன்."

அந்த நிலத்துக்காக 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனிதரை இப்படித்தான் கட்டிய மனைவியே கெஞ்சிக் கூத்தாடி ஊரைவிட்டு அனுப்பி வைத்தாள்.

விழா அன்று காலை புல்வெளியில் கூட்டம் அலைமோதியது. பஸ் பஸ்ஸாக வாடிக்கையாளர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோர் மேலும் பச்சைச் சட்டை, இன்னும் மடிப்புக் கலையாத புதுச் சட்டை. அவர் ஊரில் இல்லாத அந்த வாரம் முழுக்க இயந்திரங்கள் வரிசை பிடித்துக் குழி தோண்டி முடித்திருந்தன. குழிக்குப் பக்கத்தில் கன்று, கன்றின் கழுத்தில் பணம் கட்டியவரின் பெயர்ச்சீட்டு. அவள் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி நேரலையைத் தொடங்கினாள். தலைக்கு மேலே ஒரு சின்னப் பழுப்புக் குருவி ஒரே இடத்தில் படபடவென்று சிறகடித்துக்கொண்டு ஓயாமல் கத்தியது. அவள் நகர்ந்தாலும் கூடவே வந்தது.

"பாருங்க, நம்மள வரவேற்க யாரு வந்திருக்காங்கன்னு!" என்று கேமராவை அதன் பக்கம் திருப்பினாள். கூட்டம் கை தட்டியது.

அதிகாரி முதல் கன்றை நட்டுக்கொண்டிருந்தபோது, பயிற்சியிலிருந்து அவரை நேராக இங்கே கூட்டி வர அனுப்பியிருந்த ஜீப் வந்து நின்றது. கணவர் இறங்கினார். அவள் வைத்திருந்த பிறந்தநாள் வாழ்த்துப் பலகையை அவர் பார்க்கவே இல்லை. குழிகளைத்தான் பார்த்தார். அப்புறம் ஓடினார். அந்த மனிதர் ஓடி அவள் பார்த்ததில்லை. ஒரு குழி ஓரத்தில் முட்டி போட்டு, அள்ளிப் போட்டிருந்த மண்ணை இரண்டு கையாலும் கிளறினார். எழுந்து அடுத்த குழிக்கு ஓடினார். மறுபடியும் முட்டி போட்டார்.

"சார் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாரு!" என்றார் மேனேஜர் மைக்கில். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அவர் நிமிர்ந்தார். குவித்த உள்ளங்கையில் எதையோ வைத்திருந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"யாரு? யாரு இதப் பண்ணது?"

மொத்தக் கூட்டமும் ஒரே சந்தோஷமாக அவளை நோக்கிக் கை நீட்டியது. விசில் அடித்தது. "மேடம்தான்! மேடம்தான்!"

அவர் அவளிடம் வந்து கையைக் காட்டினார். காய்ந்த புல்லால் பின்னிய சின்னக் கிண்ணம் ஒன்று, பாதி நசுங்கியிருந்தது. அதில் புள்ளி போட்ட ஓட்டுத் துண்டுகள். ஓட்டோடு ஓடாக, இன்னும் சிறகு முளைக்காத ஒன்று, மண் அப்பிக் கிடந்தது. தலைக்கு மேலே குருவி கத்தியது. அது என்ன கத்தல் என்று இப்போது யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீயா?"

"நீங்கதானே... நிழலே இல்லன்னு..."

"இல்லன்னு சொன்னேன். வேணும்னு என்னைக்காவது சொன்னேனா?" குரல் உடைந்தது. "இது தரையில கூடு கட்டுற ஜாதி. மரம் வந்தா காக்காவும் பருந்தும் வந்து மேல உக்காந்துக்கும். அப்புறம் இதுங்க எங்க போகும்?"

அவர் அழுதார். அப்பா செத்த அன்றைக்குக்கூட அழாத மனிதர், அத்தனை பேர் முன்னால் மூக்கைப் புறங்கையில் துடைத்துக்கொண்டு அழுதார். அவளுக்கு வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திவிட்டு, இந்த மனிதர் எதைக் காவல் காத்தார் என்று தெரியாமலே இருந்திருக்கிறோமே என்ற பயம்.

மேனேஜர் காதோரம் வந்தார். "மேடம், நேரலை ஓடிட்டிருக்கு. சாரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. நாம நட ஆரம்பிச்சிடலாம்."

அவள் நேராகப் போய், அதிகாரி நட்ட கன்றைப் பிடுங்கினாள். அதற்குள் யாரோ அவசரப்பட்டு நட்டிருந்த அடுத்ததையும் பிடுங்கினாள்.

"அண்ணி! உங்களுக்கென்ன பைத்தியமா? மரத்தப் போயி புடுங்குறீங்க!" நாத்தனார் அலறினாள். "அது என் மரம்!"

கூட்டத்துக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. "காசு குடுத்திருக்கோம்!" என்று ஒருவர் கத்தினார். அவள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன். எல்லாரும் தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க. பாத்துப் போங்க. உங்க காலடியில கூடு இருக்கு."

அவ்வளவுதான். எல்லோரும் குனிந்து தங்கள் காலையே பார்த்தார்கள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், மடிப்புக் கலையாத அத்தனை பச்சைச் சட்டைகளும் அப்படி அப்படியே நின்றன. அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்து, தன் கால் பட்ட இடத்திலேயே கால் வைக்கச் சொல்லி, ஒவ்வொருவராகப் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

மத்தியான வெயிலில் மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். அவர் மண்வெட்டியால் குழிகளை மூடினார். அவளும் நாத்தனாரும் கையாலேயே மண்ணைத் தள்ளினார்கள். நாத்தனார் ஒரு கூட்டைக் கண்டுபிடித்து, அது முழுசாக இருக்கிறது என்று தெரிந்ததும் விசும்பி விசும்பி அழுதிருந்தாள். நிழல் மருந்துக்கும் இல்லை.

"உன்ன ஒருநாளாவது கூட்டிட்டு வந்து காட்டியிருக்கணும்" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "வீட்டுக்கு வந்தா வெயிலப் பத்தி மட்டும்தான் பேசியிருக்கேன்."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மேனேஜர். சீட்டுக் கிழிந்தது என்று அவள் தயாராகவே இருந்தாள். அவள் கையெல்லாம் மண் என்பதால் நாத்தனார்தான் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரை அழுத்திக் காட்டினாள்.

"மேடம், நீங்க எங்கயோ போயிட்டீங்க! அந்த வீடியோவ ஊரே பாத்துட்டிருக்கு. எல்லாரும் குருவி குருவின்னு உயிர விடுறாங்க. மரத்த விட்டுத் தள்ளுங்க. இப்ப 'சட்டைக்கு ஒரு கூடு!' நெஞ்சுல அந்தக் குருவி படம். மூணு சட்டை வாங்குறவங்கள பஸ்ஸுல கூட்டிட்டு வந்து கூட்ட நேர்ல காட்டுறோம், ஞாயித்துக்கிழமை தோறும். அதிகாரி நீங்க ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுருவாரு. என்ன சொல்றீங்க?"

மண்வெட்டி நின்றுவிட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை உலுக்கியது மேனேஜரின் ஈவிரக்கமின்மை அல்ல. அது அப்படியே அவள் குரல். அவள் சொல்லிக்கொடுத்த பாட்டு. காலையில் இது நடக்காமல் வேறு யாரோ இந்த யோசனையைச் சொல்லியிருந்தால், பிரமாதம் என்று தோளில் தட்டியிருப்பாள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "வேற யாராவது போய் அந்த அதிகாரிகிட்ட கேட்டீங்கன்னு தெரிஞ்சுது, இங்கேருந்தே மறுபடியும் நேரலை போடுவேன். பஸ் சக்கரத்துல என்ன ஒட்டியிருக்குன்னு காட்டுவேன். நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல."

"மேடம்? மேடம், இருங்க..."

நாத்தனார் போனை அணைத்தாள். அவர் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மனைவி தலையில் வைத்துவிட்டு, திரும்பவும் மண்வெட்டியை எடுத்தார்.

நாத்தனார் முழங்கை வரை மண்ணாக, ஒன்பது சட்டையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கண்ணீர் இன்னும் காயாத முகத்தோடு குழியை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணி... அந்தக் குருவி போட்ட சட்டை, ஒண்ணே ஒண்ணாவது வருமா? பாக்க அழகா இருக்கும்ல?"

புருஷன் பெண்டாட்டி இருவரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்தப் பெண்மேல் கோபம்கூட வரவில்லை. அந்த ஆசையை மாதா மாதம் அவளுக்கு ஊட்டி வளர்த்த கை, இதோ, மண்ணுக்குள் இருக்கிறது.

"முதல்ல இந்தக் குழிய மூடு" என்றாள், தானும் மண்ணைத் தள்ளிக்கொண்டே.