கப்பலேறாத மண்

துறைமுகத்தில் கார் வரிசை நகர ஆரம்பித்த பிறகுதான், பின்சீட்டுப் போர்வைக்குள்ளிருந்து இலை ஒன்று எட்டிப் பார்ப்பதை டல்சி கவனித்தாள்.

"யோவ், அது என்னய்யா?"

"எது?" என்றார் அவள் கணவர் லியாண்டர், என்றைக்கும் இல்லாத அக்கறையோடு சாலையைப் பார்த்தபடி.

"உன் வாளி! பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்னு சத்தியம் பண்ணினியே!"

நியூஃபவுண்ட்லாந்துத் தீவை விட்டு ஒரு பிடி மண்ணோ ஓர் உருளைக்கிழங்கோ வெளியே போகக்கூடாது. கிழங்கு நோய் அக்கரைக்கும் தொற்றிவிடும் என்பது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எழுபது வயது மனிதருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மே மாதம் உப்புக்கறி வாங்கிய பழைய வாளியின் அடியில் ஆறு ஓட்டை போட்டு, முளைவிட்ட நீல உருளைக்கிழங்குத் துண்டுகளை நட்டார். தண்டு வளர வளர மண் அணைத்தார். கரையொதுங்கிய கேப்லின் மீனை வாரிவந்து உரமாக அதற்குள் புதைத்தார். ஒரு வாரம் வீடே நாறியது. வீட்டை விற்றாயிற்று, மகளோடு போய் இருக்கப் போகிறோம், இது எதற்கு என்று கேட்டால், "வாளிக்குக் கைப்பிடி இருக்குல்ல? தூக்கிட்டுப் போயிடலாம்" என்பார். இந்த மனிதரோடு நாற்பத்தாறு வருஷம்!

நாளைக் காலை அக்கரையில் மகள் ரோக்ஸானுக்கு அறுவை சிகிச்சைப் பிரசவம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது நாளை மதியம்தான்.

"திருப்பி அனுப்பிட்டா? புள்ள கண்ணு முழிக்கிறப்ப பக்கத்துல யாரு இருப்பா?"

"அதெல்லாம் பாக்க மாட்டாங்கடி."

டல்சி மடியிலிருந்த பின்னல் பையை இறுக்கிக்கொண்டாள். அதற்குள், பேரக்குழந்தைக்குப் பின்னிய காலுறையில், ஒரே ஒரு நீலக்கிழங்கு இருந்தது. அது வேறு விஷயம். தேய்த்துக் கழுவியது, துளி மண் கிடையாது.

சோதனைக்காரப் பெண் நேராகப் போர்வையைத்தான் தூக்கினாள்.

"ஐயா, நீங்களே கொட்டிடுறீங்களா?"

"பூ விட்டிருக்கும்மா. இன்னும் ஒரு மாசம்..."

"அதுவரைக்கும் கப்பல் நிக்காதே, ஐயா."

லியாண்டர் வாளியைச் சோதனைச்சாவடிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கிழங்குகள் உருண்டன. கை நிறைய மண்ணோடு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். டல்சிக்கு எரிச்சல் தாங்கவில்லை. நடுவே அழுகை வேறு வந்தது. அதனால் இன்னும் எரிச்சல்.

பெண் அவர் கையையும் வாளியையும் கழுவவைத்தாள். "வேற ஏதாவது இருக்கா?"

"இவகிட்டயா? சட்டம் பேசுற ஆளும்மா இவ. ஒண்ணும் இருக்காது."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். சோதனைக்காரியும் போகலாம் என்று கையசைத்தாள்.

"நில்லும்மா," என்றாள் டல்சி. காலுறையை உதறினாள். கிழங்கு தொட்டியில் விழுந்தது.

லியாண்டர் வாயைத் திறந்தார்.

"ஒரு வார்த்தை பேசின, உன்னையும் அதுல போட்டுருவேன்."

கப்பலுக்குள் வண்டியை நிறுத்தினார். பிறகு வெறும் வாளியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதையும் அங்கயே போட்டிருக்கலாம். அடியெல்லாம் ஓட்டை."

"துணி ஊறவைக்கக்கூட ஆகாது," என்றாள் டல்சி. "கிழங்கு நடத்தான் ஆகும். கொண்டா இங்க. அக்கரையில மண்ணு விக்காமலா இருப்பான்?"

வாளியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.