பியூஸ் போகாத வண்டி

மூன்றாவது பியூஸும் போய்விட்டது தெரிந்தபோது வேன் மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தது. ஃப்ரிட்ஜின் முகப்பில் பச்சை விளக்கு இல்லை. அவள் கதவைத் திறந்து மருந்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர் இருந்தது. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் விருந்தாளியைப் போல, இதோ கிளம்புகிறேன் என்றது.

பெட்டிக்குள் மகளின் ஊசி மருந்து. பதினாறு வயதிலேயே முழங்கால்கள் வீங்கி இறுகிக்கொள்ளும் பெண்ணுக்கு அதுதான் நடமாட்டம். சூடு பட்டால் வெறும் தண்ணீர். அந்தக் குப்பிகளால்தான் இத்தனை வருஷமாகக் குடும்பமே வீட்டு ஃப்ரிட்ஜைச் சுற்றி வந்தது. அந்தக் கட்டை உடைக்கத்தான் கணவர் பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே பலகை அடித்தார், கட்டில் போட்டார், எஞ்சினை நிறுத்தினாலும் ஃப்ரிட்ஜ் ஓடுவதற்காகக் கட்டிலுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்தார். அங்கிருந்து ஃப்ரிட்ஜுக்குப் போகும் ஒயரைப் பக்கச்சுவர்ப் பலகைக்குப் பின்னால் மறைத்து ஓட்டியிருந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். ஒயர் வெளியே தெரிந்தால் அவருக்கு வேட்டி அவிழ்ந்த மாதிரி.

அவளுடைய தம்பி வண்டி பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். வேலை தொடங்கிய அன்றே வந்து சொன்னான்.

"மாமா, வீட்டுக் கரண்டு வேற, வண்டிக் கரண்டு வேற. நான் போட்டுத் தரேன்."

"பன்னெண்டு வோல்ட்டுடா. நாக்குல வச்சாக்கூட கூசிட்டுப் போயிடும். ஊருக்கே வெளிச்சம் போட்டவனுக்கு நீ டார்ச் லைட் கத்துக் குடுக்கிறியா?"

தம்பி சிரித்துவிட்டுப் போனான். ஆனால் ரோஷக்காரன். பியூஸ் டப்பா ஒன்றை மட்டும் மேசையில் வைத்தவன், வண்டி தயாரான பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது கணவர் கட்டில் பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு ஏதோ செய்தார். நிமிர்ந்தபோது பச்சை விளக்கு எரிந்தது.

"பியூஸ் தீர்ந்து போச்சுன்னீங்களே?"

"தீர்ந்துதான் போச்சு. நம்ம கைவைத்தியம் பண்ணியிருக்கேன். இனிமே ஜென்மத்துக்கும் போகாது."

அந்த வைத்தியம் அவளுக்குத் தெரியும். வீட்டில் பியூஸ் போனால் ஒயரைச் சீவி, செம்பு இழையை முறுக்கிச் சுற்றிவிடுவார். ஒரு இழை போதும். அவசரமென்றால் நாலைந்து. அவருடைய அவசரங்களில் அவள் இருட்டில் உட்கார்ந்ததே இல்லை.

வண்டி மலையேறியது. மகள் கட்டிலில் தூங்கிப்போனாள். வெயில் வளைவுக்கு வளைவு பக்கம் மாறி விழுந்தது. அதுவரை பெரிய பள்ளம் வந்தபோதெல்லாம் பியூஸ் போயிருந்தது. இப்போது பள்ளங்கள் வந்தன, கட்டில் குலுங்கியது, ஸ்பேனர் பை உருண்டது, எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாததுதான் அவளை உறுத்தியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பச்சை விளக்கு ஒரே ஒரு தரம் கண் சிமிட்டியது, ஏதோ ரகசியம் தெரிந்த ஆளைப் போல.

பிறகு வாசனை வந்தது. பிரிக்காத மழைக்கோட்டின் வாசனை.

"ஏதோ நாத்தம் வருதுங்க."

"புது ஃப்ரிட்ஜ் புது மாப்பிள்ளை மாதிரி. கொஞ்ச நாள் மணக்கத்தான் செய்யும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னை மாதிரி ஆயிடும்."

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். செம்பு இழை என்று அவள் சொல்லி முடித்ததும் மறுமுனையில் கடைச் சத்தம் அடங்கியது. கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

"பியூஸ் ஏன் போச்சுன்னு மாமா பார்த்தாரா?"

"மட்டமான சரக்குன்னாரு."

"நல்ல சரக்குக்கா. ஒயர் எங்கயோ வண்டித் தகரத்துல உரசுது. அதைத்தான் பியூஸ் கத்திக் கத்திச் சொல்லியிருக்கு. இவரு அது வாயைக் கட்டிட்டாரு. இப்ப அந்த ஒயரே அடுப்பு மாதிரி காயும். நிறுத்தி, பேட்டரியைக் கழட்டச் சொல்லு. பாப்பா எங்க?"

"கட்டில்ல. தூங்கறா."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கணவர் பக்கம் திரும்பினாள்.

"வண்டியை நிறுத்துங்க. பேட்டரியைக் கழட்டணுமாம்."

"வளைவுல எங்க நிறுத்தறது? ஃப்ரிட்ஜை அணைச்சா மருந்து போச்சு. நாளைக்கு அவளுக்கு ஊசி."

"நிறுத்துங்க."

கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. சாலையோரச் சரளையில் சக்கரங்கள் சறுக்கி நின்றன.

மகளை எழுப்பிவிடலாம். எழுந்து நடக்கவைப்பதுதான் கஷ்டம். தூங்கி எழுந்தால் முழங்கால் மடங்க நேரமாகும். அவள் மகளை இழுத்துச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தாள். கணவர் பலகையைத் தூக்கினார். ஸ்பேனரை வைத்தவர் கையை உதறினார். சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருகினார். கம்பி கழன்றது, பச்சை விளக்கு அணைந்தது. முறுக்கிய செம்பு கறுத்துக் கிடந்தது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் மெழுகாக வழிந்து உறைந்திருந்தது.

"பன்னெண்டு வோல்ட்டு," என்றார் யாரிடமோ.

திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போனில், "கழட்டியாச்சுடா," என்றாள்.

"வெயில் சூடு உள்ள வராம பலகைக்குப் பின்னால என்ன அடைச்சிருக்காரு?"

கேள்வி கணவருக்கும் கேட்டது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கச்சுவரைப் பார்த்தார். "பழைய மெத்தை ஸ்பாஞ்ச். நெறைய அடைச்சேன்."

"அம்மா," என்றாள் மகள், தூக்கம் கலையாமல். "சுவரு சுடுது."

மகளின் தோளை அவள் விலக்கினாள். பலகையின் வார்னிஷில் ஒரு கொப்புளம் மெல்ல எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதையடுத்து இன்னொன்று. உள்ளே ஒயர் போன பாதையிலேயே வரிசையாக, அவசரமில்லாமல், மடங்காத கால்களோடு மகளை இறக்க இருந்த ஒரே வழியான பின்கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.