லாபிர் உள்ளுக்கு

1

இந்தக் கதை ஒரு தேத்தண்ணிக் கடையில் பிறந்தது. கொம்பியூட்டர் வேலை செய்கிற சிநேகிதன் ஒருவன், ஓடிக்கொண்டிருக்கிற தரவுத்தளத்தை வேறு மெஷினுக்கு மாற்றும்போது அதைக் கொஞ்ச நேரம் "வாசிக்க மட்டும்" என்று பூட்டிவைப்பார்கள் என்றான். ஆரும் பார்க்கலாம், ஒருத்தரும் எழுத ஏலாது. "ஒரு பயமும் இல்லாத வேலை" என்று சிரித்தான். எனக்கென்றால் சிரிப்பு வரவில்லை. நான் யுத்த காலத்தில் திருகோணமலையில் இருந்தவன். அங்கே பதியாமல் விட்ட கொஞ்ச நேரம் ஓர் ஆளையே விழுங்கிவிடும்.

2

தொடக்கம்: 2006, கடல் அமைதியாக இரு—

சீ. திருகோணமலைத் துறைமுகத்தில் கடல் எப்பவும் அமைதிதான். அதுக்காகத்தானே வெள்ளைக்காரர் தொட்டு எல்லாரும் அடிபட்டார்கள். வேறு தொடக்கம்.

ஏசி அறைக்குள் இராசமலருக்கு வியர்த்தது. (இது நிற்கட்டும்.) துறைமுகத்துக்குள் சாமான் இறக்குகிற ஒரு கொம்பனியில் (கொம்பனி என்ர கற்பனை, தேடாதேயுங்கோ) வாசல் கேற்றால் ஆர் வந்தது, ஆர் போனது என்று பதிகிற சேர்வர் அவள் பொறுப்பு. பழைய மெஷின் சூடேறி முக்கிக்கொண்டிருந்தது. புதுசுக்கு மாற்றவேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் பதிவை வாசிக்க மட்டும் என்று பூட்டினாள். பூட்டிவிட்டு, கேற்றில் நிற்கிற ஸெய்னுதீனுக்குப் போன் எடுத்தாள்.

"நானா, கொஞ்ச நேரத்துக்கு ஒண்டும் பதிய ஏலாது. திறக்குமட்டும் ஒருத்தரையும் விடாதேங்கோ."

"ஓம் தங்கச்சி."

போனை வைத்துக் கை எடுக்கவில்லை, மறுபடி மணி.

"தங்கச்சி, நம்மட லாபிர்ர பொஞ்சாதி ஸல்ஹாக்குப் பிள்ளை பிறந்திட்டாம். பார்த்திட்டு ஓடிவாறன் எண்டு ஆசுபத்திரிக்குப் போயிட்டான். எப்பிடி மறிக்கிற? திறந்தவுடனே 'வெளிய' எண்டு போட்டு விடுங்க."

லாபிர் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். இது அவனுடைய முதல் பிள்ளை. இராசமலருக்கும் சந்தோசம்தான். ஆனால் திரையில் அவன் பேருக்கு நேரே "உள்ளுக்கு" என்றே நின்றது.

(உண்மையில் இங்கிலீஷில்தான் இருந்திருக்கும். ஆனால் உள்ளுக்கு என்று சொன்னால் எங்கட ஆக்களுக்குக் கேற்றா ஞாபகம் வரும்? "அவனை உள்ளுக்குப் போட்டிட்டாங்கள்" என்பதுதானே வரும்.)

3

அப்போதுதான் கடற்பக்கம் குண்டு வெடித்தது. இந்த இடத்தில் புகை, காகம் என்று பெரிய வர்ணனை எழுதி வெட்டிவிட்டேன். அவள் கண்டது யன்னல் கண்ணாடி அதிர்ந்ததை மட்டும்.

கேற்றுகளைச் சாத்தினார்கள். சீருடையில் ஓர் அதிகாரி அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். ஸெய்னுதீனையும் கூட்டிவந்திருந்தார்கள்.

"யாராவது வெளியே போனதா?" அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டார்.

ஸெய்னுதீன் முந்திக்கொண்டு சொன்னார். "இல்ல சேர்."

பயத்தில் வந்த பொய். பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

அதிகாரி திரையில் இருந்த பேர்ப்பட்டியலைக் காட்டினார். "இது யாராவது மாத்தினதா?"

தன் தலை தப்பினால் போதும் என்ற அவதியில் இராசமலர் உண்மையைச் சொன்னாள். "இல்லை சேர். பூட்டியிருக்கு. இப்ப ஒருத்தராலும் மாத்த ஏலாது."

"அப்ப இது சரி."

வெளியே ஆட்களை நிறுத்தி எண்ணினார்கள். லாபிர் மட்டும் இல்லை. "உள்ளுக்குத்தான் ஒளிச்சிருக்கு" என்றார் அதிகாரி. துவக்குகளோடு, சாமான் அடுக்கிவைக்கிற கிட்டங்கிகளுக்குள் இறங்கினார்கள்.

4

முடிவுகள்.

பூட்டைத் திறந்து "வெளிய" என்று எழுதுகிறாள். அதிகாரி பார்த்துக்கொண்டு நிற்கிறார். எழுதின கையையும் சேர்த்துப் பிடிப்பார்.

அல்லது லாபிர் வெளியே போன உண்மையைச் சொல்கிறாள். ஸெய்னுதீன் நானா உள்ளுக்கு.

அல்லது வாயை மூடிக்கொண்டு—

இதை எழுத எனக்குப் பயம். இராசமலரை நான் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் என்றால் வாயே திறந்திருக்கமாட்டேன், அதுதான் காரணம்.

லாபிரோ வெடி கேட்டதும், வேலையில் தேடுவார்கள் என்று அவதிப்பட்டுத் திரும்பி வருகிறான். பெண்பிள்ளையாம். சட்டைப் பை நிறைய எல்லாருக்கும் குடுக்க ரொபி இனிப்பு.

5

ஆகவே கதையைப் பூட்டிவிட்டேன். இனி நான் எழுதமாட்டேன். நீங்கள் வாசிக்கலாம், அதில் ஒரு பயமும் இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். பிறகுதான் யோசித்தேன், அந்த அதிகாரியும் ஓர் எழுத்தும் எழுதவில்லையே. வாசிக்க மட்டும்தானே செய்தார்.

லாபிர் சந்தி திரும்பிவிட்டான். கேற்று தெரிகிறது. நீங்கள் ஒரு சொல் வாசிக்க, அவன் ஓர் அடி வைக்கிறான். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வாசிக்கிறதை இதிலேயே நிற்பாட்டுங்—