இரண்டாவது சாட்சி

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு கள்ளக் கையெழுத்தில் தொடங்கியது. எங்கள் பறவையாளர் சங்கத்தில் ஒரு விதி உண்டு: அரிய பறவையை இரண்டு பேர் பார்த்திருந்தால்தான் பதிவேட்டில் ஏறும். போன சனிக்கிழமை நான் தனியாகப் போயிருந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "இலையுதிர்காலத்து விடியலில், எல்லையற்ற சமவெளியின் மீது..." சே, காலண்டர் வாசகம்.

தொடக்கம் இரண்டு: அறுவடை முடிந்த வயலோரம் காரை நிறுத்தி, வலசை வரும் பறவைகளுக்காக ஆறு மணி நேரம் நின்றேன். பேச ஆளில்லாமல் தொலைநோக்கியோடு பேசினேன். [இதை அடித்துவிட வேண்டும். வேண்டாம், இருக்கட்டும்.] பதினொன்றரைக்கு ஓர் ஆள்காட்டிக் குருவி வந்து இறங்கியது. வெள்ளைப் புருவம், கறுத்த கால்கள். இந்தப் பக்கம் யாருமே பார்த்திராத வகை.* "அங்க பாரு!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. கேமராவை எடுப்பதற்குள் பறந்துவிட்டது. இருபது வருஷம் காத்திருந்த பறவை ஐயா!

படிவத்தில் இரண்டாவது சாட்சியாக என் மனைவி பெயரை எழுதி, கையெழுத்தையும் நானே போட்டேன். "உங்களுக்குப் பறவை போதும், நான் எதுக்கு?" என்று போன வருஷமே அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

(*இந்த வகை கூட்டமாகத்தான் வலசை போகும். இது தனியாக வந்திருந்தது. சத்தியமாக நான் கதைக்காக வேண்டுமென்றே வைக்கவில்லை.)

3

சங்கச் செயலாளர் விடாக்கண்டர். நேற்று போன் செய்தார்.

"சார், மேடம்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

குட்டு உடைந்தால் என் இருபது வருஷப் பதிவுகளையும் யார் நம்புவார்கள்?

4

[முடிவு அ: "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறாள். நியாயம்தான்.]

[முடிவு ஆ: அவள் பெட்டியோடு வாசலில் வந்து... பேராசை. விடு.]

நடந்தது இதுதான். இன்று மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"உங்க செயலாளர் போன் பண்ணாரு. நான் கையெழுத்து போட்டேனாமே?"

"நீ... என்ன சொன்ன?"

"அடுப்புல வேலையா இருக்கேன், நாளைக்குச் சாயங்காலம் பேசறேன்னு வச்சுட்டேன். சரி, அது எப்படி இருந்துச்சு, சொல்லுங்க. கேட்டா சொல்லணும்ல?"

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு பறவையைப் பற்றி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் எனக்காகப் பொய் சொல்ல. புருவத்தைச் சொன்னேன், கால்களைச் சொன்னேன்.

"மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள். பிறகு, "பேத்தி அழறா. இறக்கையெல்லாம் நாளைக்குக் காலைல கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்."

5

செயலாளரிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிட்டால் என் மானம் போகும், அவள் பொய் சொல்லாமல் தப்பிப்பாள். கதைக்கு அதுதான் கௌரவமான முடிவு, எனக்கும் தெரிகிறது. அவர் எண்ணைத் திரையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் சொல்லிவிட்டால், காலையில் அவள் எதற்காகக் கூப்பிடுவாள்? நீங்களே சொல்லுங்கள்.