நடாமல் விட்ட வயல்

போன வாரம் பேப்பர்க்காரர் ஒருவர் கேமராவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் நல்லேப்பிள்ளியில் அவ்வளவு பெரிய கேமராவை யாரும் பார்த்ததில்லை, தெருவே கூடிவிட்டது. எங்கள் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் கோப்பைகளை அடுக்கினார். மலைப்பாதை ஓட்டத்தில் இத்தனை வருஷமாக உங்கள் கல்லூரிப் பையன்களை யாராலும் அசைக்க முடியவில்லையே, என்ன ரகசியம் என்று கேட்டார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒழுக்கம் என்றார், விடாமுயற்சி என்றார், முளைகட்டிய பயறு என்றார். அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயறை முளைகட்டியவள் நான்தான். ஆனால் நடந்த கதை வேறு. அதைப் பேப்பரில் போட்டால் கோச்சுக்கு மரியாதை இருக்காது என்று இவர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களில் இல்லை. எழுதினால் குற்றமில்லை: செங்கோட்டையன். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற கல்லூரியில் விளையாட்டு வாத்தியார். டிரில் மாஸ்டர் என்று சொன்னால் முகம் சுண்டிவிடும், கோச் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட்டார். எங்கள் அண்ணன் குப்பண்ணனுக்கு இவர்மேல் பிரியம் உண்டு, ஆனால் இவர் வேலை மேல் இல்லை. "ஓடறது பசங்க, சம்பளம் மாப்பிள்ளைக்கா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். பண்ணையத்தைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்பது அண்ணனுக்கு ரொம்ப நாள் ஆசை.

ஆரம்பத்தில் இவருக்கு யோகம்தான். நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நானூறு மீட்டர் என்று எல்லாவற்றிலும் இவர் பையன்கள் மெடல் வாங்கினார்கள். அந்த ஓட்டத்தில் ஆளுக்கொரு சுண்ணாம்புக் கோடு. அவரவர் கோட்டுக்குள் அவரவர் ஓட வேண்டியதுதான். எழுபத்திமூன்றில் காடு மேடெல்லாம் ஓடுகிற நெடுந்தூர ஓட்டத்துக்கும் கல்லூரி ஆள் அனுப்ப வேண்டும் என்றார்கள். அதற்குப் பழக மைதானம் போதாது. இவர் பையன்களை எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால்வரை வயல் வரப்பில் ஓடவிட்டார். விடிந்தால் வரப்பில் வரிசையாகப் பையன்கள் போவார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் போட்டி குமுளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. போனவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சோறு இறங்கவில்லை. மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. யாருக்கும் காலில் அடியில்லை, யாரும் மூச்சு வாங்கி உட்காரவில்லை. மலைக் கல்லூரியின் கனத்த பையன் ஒருவன் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் மூச்சிரைக்கப் போயிருக்கிறான். அவன் பின்னால் இவருடைய ஆறு பையன்களும் தேர் வடம் பிடிக்கிறவர்கள் மாதிரி வரிசையாகப் போயிருக்கிறார்கள். ஒருவன்கூடத் தாண்டவில்லை. ஊரே சிரித்திருக்கிறது.

கல்லூரிக் கமிட்டியும் சிரித்தது, ஆனால் வேறு மாதிரி. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம், அப்போதும் முதலிடம் வராவிட்டால் தனியாகக் கோச் வேண்டாம், கணக்கு வாத்தியாரே விளையாட்டையும் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் அதைக் கேட்டு வருத்தப்பட்ட மாதிரி காட்டிக்கொண்டார். வாய்க்கால் மடையைத் திறந்து அடைக்கும் நேரமெல்லாம் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது இவர் முகத்தில் வருகிற வெளிச்சம் மடையைப் பற்றிக் கேட்கும்போது துளிகூட இல்லை.

ஒருநாள் பையன்களை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் கம்பங்கூழ் ஊற்றினேன். ஏன்டா தாண்டவில்லை என்று ஒவ்வொருவனாகக் கேட்டார். எல்லோரும் கூழைப் பார்த்தார்கள். கடைசியில் காளிச்சாமி என்ற பையன் வாயைத் திறந்தான். அப்பன் ஆத்தா எல்லோரும் வயலில் இறங்குகிற வீடு அவனுடையது.

"எப்புடீங்க சார் தாண்டறது? முன்னால ஒருத்தரு போய்ட்டிருக்கறாரு. ரெண்டு பக்கமும் வெள்ளாமை நிக்குதுங்களே."

இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வரப்பில் முன்னால் போகிறவரை யார் தாண்டுவார்கள்? தாண்ட வேண்டுமானால் பயிரில் கால் வைக்க வேண்டும். வெள்ளாமையை மிதிக்கிறவனை எங்கள் பக்கம் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அடுத்த முக்கு வரும்வரை பின்னாலேயே போவதுதான் முறை, அவர் ஆமை மாதிரி நகர்ந்தாலும் சரி. நடக்கப் பழகிய நாளிலிருந்து காலில் ஊறிய பழக்கம் அது. அதே வரப்பில் ஓடவும் பழக்கினால் வேறென்ன ஆகும்? இவரும் குடியானவர் வீட்டுப் பிள்ளைதான். பழக்குகிறவருக்கே தோன்றாதபோது பையன்களைச் சொல்லி என்ன பயன்?

அறுப்பு முடிந்து காய்ந்த வயலில் தாண்டச் சொன்னார். பறந்தார்கள். ஆவணியில் நாற்று நட்டுப் பச்சை பிடித்ததும் திரும்ப வரப்பில் விட்டார். பழையபடி வரிசை. இவர் கரையில் நின்று தாண்டுடா, தாண்டுடா என்று தொண்டை கிழியக் கத்துகிறார், பையன்கள் வாயால் சரிங்க சார் என்கிறார்கள், கால் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பயிர் இருக்கும்வரை கேட்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குக் கீழே எங்கள் அப்பா என் பேருக்கு எழுதிக்கொடுத்த வயல் இருக்கிறது. நடுவே வரப்பு ஓடும். அதில் மட்டும் நடவு பிந்தியிருந்தது; உழுது சேறடித்து, நாற்றும் பறித்துக் கட்டி வைத்தாயிற்று. மறுநாள் நடவு. அண்ணனிடம் போய், இந்தப் போகம் என் வயலில் நடப்போவதில்லை, சேறாகவே கிடக்கட்டும், பையன்கள் ஓட வேண்டும் என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை என்று ஆரம்பித்து, தண்ணீர் நிற்கிற வயலைத் தரிசு போட்ட வம்சம் நம்முடையதில்லை என்பதுவரை வந்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

"வயலைச் சும்மா போட்டா மூதேவி வந்து குந்திக்குவா, மயிலா."

"ஒரு போகம் குந்திக்கட்டுங்கண்ணா. பசங்க ஓடறப்ப அவளும் எந்திரிச்சு ஓடிப்போயிருவா."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கட்டிவைத்த நாற்றைப் பக்கத்து வயல் பழனாத்தாளுக்குக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, ஏதோ சாவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என் நாற்றை அவள் வயலில் நடுவதைப் பார்க்க முடியாமல் வேறு பக்கமாகப் போனேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது இவர் எழுந்தார். போய் வரப்பில் நின்று சேற்றைப் பார்த்தார். திரும்பி வந்து, தோற்றுப்போனால் என்ன செய்வது என்று கேட்டார். தோற்றால் அடுத்த போகம் நீங்களே நடுங்கள் என்றேன்.

மறுநாளிலிருந்து கூத்து ஆரம்பமானது. வரிசையில் கடைசிப் பையன் வரப்பிலிருந்து சேற்றில் குதிக்க வேண்டும், முழங்கால் சேற்றில் நாலு எட்டு ஓடி, முன்னால் போகிறவனைத் தாண்டி, மறுபடி வரப்பில் ஏற வேண்டும். முதல் வாரம் பாதிப்பேர் குப்புற விழுந்தார்கள். எங்கள் கிணற்றடியில் சேறு கரைந்து வாய்க்கால் வெட்டும்படி ஆகிவிட்டது. ஊர்ச்சனம் மாடு அவிழ்க்கும் முன்னால் வேடிக்கை பார்க்க வந்துவிடும். மிதிக்கப் பயிர் இல்லை என்பது காலுக்குப் புரியப் புரியப் பையன்கள் யோசிப்பதை விட்டார்கள். தீபாவளிக்குள் முன்னால் முதுகு தெரிந்தாலே தாண்டுவது பழக்கமாகிவிட்டது.

அண்ணன் அந்தப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஒருநாள் நான் பயறு கொண்டுபோகும்போது தூரத்து வரப்பில் குடையோடு நிற்கிறார். காளிச்சாமி சேற்றிலிருந்து ஏற முடியாமல் வழுக்கினான். குடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "டேய், எடது காலை முன்னால வெய்யிடா." என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

அந்த வருஷம் போட்டிக்கு நானும் போனேன். என் வயல் அங்கே ஓடப்போகிறது, நான் பார்க்க வேண்டாமா? பொள்ளாச்சி வழியாகக் கம்பம் போய், அங்கிருந்து பஸ் மலை ஏறியது. குமுளியில் இறங்கியதும் தெரு முழுக்க ஏலக்காய் வாசம். போன வருஷம் ஓடிய அதே தேயிலைத் தோட்டம்தான். தூறல் விட்டு விட்டுப் பெய்தது. நான் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம், பாதை ஒடுங்கித் திரும்பும் இடத்தில் பெண்களோடு நின்றுகொண்டேன். ஒரு பக்கம் இடுப்பளவு தேயிலை. மறுபக்கம் மாரித்தாய் என்ற அம்மாளின் முட்டைக்கோஸ் பாத்தி, நேற்றுத்தான் நாற்று நட்டது என்று சொன்னாள். எல்லைக்கொடிகளைப் பாத்திக்கு அப்பால் ஊன்றியிருந்தார்கள், பாத்தியும் ஓடுகிற இடத்துக்குள் சேர்ந்துவிட்டது. அவளிடம் யாரும் கேட்கவில்லையாம்.

ஒரு கல்லூரிக்கு முதல் நாலு பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டல் எதற்குக் குறைவோ அதற்குத்தான் கோப்பை. எங்கள் பையன்கள் மூன்று பேர் முன்னால் போய்விட்டார்கள். நாலாவது காளிச்சாமி. அவனுக்கு முன்னால் மலைக் கல்லூரிப் பையன் ஒருவன். அவனைத் தாண்டினால் கோப்பை எங்களுக்கு, தாண்டாவிட்டால் அவர்களுக்கு. இந்தத் திருப்பத்தை விட்டால் அப்புறம் முடிவுக் கோடுவரை இறக்கம், அதில் மலைப் பையனைப் பிடிக்க முடியாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

காளிச்சாமி திருப்பத்துக்கு வந்தான். பாத்தியைப் பார்த்தான். பச்சைப் பசேலென்று சின்ன இலைகள். அவன் கால் தடுமாறியதைப் பார்த்தேன். மிதிடா என்று கத்த வந்தேன், வாய் வரவில்லை. என் வயல் வெறும் வயல். இது வெள்ளாமை. இவருடைய வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன்.

"மன்னிச்சுக்குங்க ஆத்தா" என்று அவன் மாரித்தாயைப் பார்த்துச் சொன்னான். சொல்லிக்கொண்டே பாத்தியில் இறங்கினான். நாலு எட்டு. தாண்டிப் பாதையில் ஏறிப் போய்விட்டான். பின்னால் வந்த மற்றக் கல்லூரிப் பையன்களெல்லாம் அதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள். அரைப் பாத்தி சேறாகிவிட்டது. மாரித்தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள்தான் முதலிடம். நான் இறக்கத்தில் இறங்கிப் போனபோது வீட்டுக்காரர் சின்னப் பையன் மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். இனி இவர் வேலையை யாரும் தொட முடியாது. ஆனால் காளிச்சாமியைக் காணோம். அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் மேட்டில் திரும்ப ஏறிக்கொண்டிருந்தான். நான் நடந்ததைச் சொன்னேன். இவர் குதிப்பதை நிறுத்தினார். மற்றப் பையன்களைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே ஏறினார்.

மைக்கில் மலையாளத்தில் எங்கள் கல்லூரியின் பேரை வாசித்தார்கள். யாரும் போகவில்லை. மறுபடி வாசித்தார்கள். வேறு வழியில்லாமல் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனேன். பரிசு கொடுக்கிறவர் தயங்கி, கோச் எங்கே என்று கேட்டார். வயலில் இருக்கிறார் என்றேன்.

கோப்பையோடு மேலே போனபோது ஏழு பேரும் மண்டிபோட்டு, வேர் பிழைத்த நாற்றைப் பொறுக்கி மாரித்தாய் காட்டிய இடத்தில் நட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் நடுவது சகிக்கவில்லை, ஆழம் அதிகம். நான் சொன்னதும் பிடுங்கித் திரும்ப நட்டார். மாரித்தாய் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, ஓடையில் மொண்டு, ஒவ்வொரு தூருக்கும் ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை.

கிளம்பும்போது அவள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடுத்த வருசம் ஓட்டம் எப்பன்னு முன்னாடியே சொல்லிவிடு தாயி. இந்தப் பக்கத்த வெறுமனே போட்டு வைக்கேன். ஓடி முடிச்ச பெறகு நட்டுக்கிடுதேன்."

மேடையில் கோப்பை வாங்கும்போதுகூட வராத அழுகை அப்போது எனக்கு வந்துவிட்டது.