இலை இல்லாத வரிசை

மூன்றாவது தடவையும் அதே கதைதான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வைத்து ஆய்வாளருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. தட்டின் கடைசி வரிசையில் தோல் புற்றுநோய் செல்கள் பூண்டோடு அழிந்து கிடந்தன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? அதுதான் இல்லை. மருந்தாகுமா என்று அவள் சோதிக்கிற இலைச்சாற்றை அந்த வரிசையில் ஊற்றவே இல்லை. சாற்றைக் கரைக்கிற திரவத்தை மட்டும்தான் ஊற்றியிருந்தாள். அப்படியென்றால் செல்களைக் கொன்றது இலை இல்லை, அளவு மீறிப்போன திரவம்.

வெறும் திரவத்துக்கென்று ஒரு வரிசை ஒதுக்குவது இந்த வேலையின் அரிச்சுவடி. பதினைந்து வருஷம் ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவள், இரண்டு மாதம் முன்னால் அந்த வரிசையிலும் சாற்றையே ஊற்றித் தொலைத்தாள். அக்காவின் குதிகாலில் வந்த கறுப்புப் புள்ளியும் அதே புற்றுநோய்தான் என்று தெரிந்துவிட்ட அவசரம். போதாததற்கு அன்றைக்கே ஃபோனில், "அக்கா, எல்லாம் செத்துப்போச்சு!" என்று குதித்தாள். அந்த வாயை என்ன செய்வது! ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்த ஆபரேஷனை அக்கா மறுநாளே வேண்டாமென்று சொல்லிவிட்டது நேற்றுதான் இவளுக்குத் தெரிந்தது.

வேலை முடிந்து, கால் கெஞ்சக் கெஞ்ச அக்கா வீட்டு மாடிப்படி ஏறினாள்.

அக்கா முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குதிகால் முழுக்க அரைத்த இலை.

"வாடி டாக்டரம்மா. உன் மருந்துதான். புள்ளி இருக்குற இடமே தெரியல பாரு."

இப்படி அப்பி வைத்தால் எங்கே தெரியும்? தங்கை வாளியில் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவினாள். மிளகளவு இருந்தது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஆகியிருந்தது.

"இலை கொல்லலக்கா. நான்தான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

"அப்போ ரெண்டு மாசமா நான் தடவினது?"

"ஒண்ணுமே இல்லக்கா. என்னைத் திட்டிடு."

அக்கா திட்டவில்லை. ஈரக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள். நாளைக் காலையே கூட்டிவரச் சொன்ன நர்ஸ், "முன்னாடியே தேதி கொடுத்தோமே, ஏன் வரல? யாராவது எதாவது சொன்னாங்களா?" என்று அதட்டினாள். "நான்தான்..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

அக்கா ஃபோனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. எனக்குத்தான் பயம், வரல."