வேங்கைக் குச்சி

எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். இரண்டு கோப்பை எடுப்பேன். ஒன்றைத் திருப்பி வைப்பேன். பல் தேய்ப்பேன். டீயோடு பால்கனிக்குப் போய், பெயிண்ட் வாளியில் நிற்கும் காய்ந்த குச்சிக்கு எதிரே உட்காருவேன். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் சும்மா விடுவேன். இல்லாவிட்டால் அரை டம்ளர் தண்ணீர். பிறகு குளித்து, சட்டை போட்டு, மெத்தைத் தொழிற்சாலைக்குப் போவேன்.

அங்கே தரப் பரிசோதனை என் வேலை. படுத்துப் பார்ப்பதில்லை. ஒரு இரும்பு உருளை மெத்தைமேல் உருளும். எவ்வளவு அமுங்கியது என்று நான் அளப்பேன். எத்தனை முறை சொன்னாலும் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, "எங்க மாமாவுக்குத் தூங்கறதுக்குச் சம்பளம்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வான். இப்போது செய்வதில்லை. நான் தூங்குவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

என் மனைவி காட்டு மரங்களை ஆராயும் நிலையத்தில் இருந்தாள். மலைச்சரிவில் வேங்கைக் கன்றுகளைத் தேடி, மண்டியிட்டு, ஒவ்வொன்றுக்கும் தகரத் துண்டு கட்டுவாள். போன மழைக்காலம் முடிகிற சமயம் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. டாக்டர் அதற்கு நீளமான ஒரு பெயர் சொன்னார். அதனால் எதுவும் மாறவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஆளாளுக்கு ஒன்று தயாரித்துக்கொண்டார்கள். 'எல்லாரையும் நல்லா பாத்துக்கங்க' என்றாளாம், பக்கத்து வீட்டம்மாவின் கணக்கில். 'போயிட்டு வரேன் பெரியப்பா' என்றாளாம். பெரியப்பா அந்த நேரம் வேறு ஊரில் ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கடவுளைக் கூப்பிட்டாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அவள் கடவுளிடம் பேசி நான் பார்த்ததில்லை. மரங்களிடம் பேசுவாள். பெரும்பாலும் திட்டு.

வாளியில் இருந்த வேங்கை அவள் விதை போட்டு வந்தது. நடுவில் தடித்து, சுற்றிலும் மெல்லிய சிறகோடு, யாரோ மேலே உட்கார்ந்து நசுக்கிய பொத்தான் மாதிரி ஒரு விதை. முளைத்த செடியில் ஒவ்வொரு சிற்றிலையின் நுனியிலும் நகத்தால் கிள்ளியது போல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். வேங்கைக்கு அதுதான் அடையாளம் என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். கோடை வந்ததும் இலை உதிர்ந்தது. பிறகு தண்டும் காய்ந்தது. சரிவிலும் அப்படித்தானாம். வெயிலுக்கு மேலே சாகும், கீழே வேர் தடிக்கும், மழைக்கு முளைக்கும், அடுத்த வெயிலுக்குத் திரும்பவும் சாகும். வேர் போதும் என்று அதற்கே தோன்றுகிற வருஷம்தான் மரமாக எழும்பும்.

"சோம்பேறின்னு நெனைக்காத," என்பாள். "அண்டர்கிரவுண்டுல வேலை நடக்குது."

நான் அதை நம்பித்தான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நம்ப வேறு எதுவும் இல்லை.

வெளியூர்க் கிளையில் ஒரு வாரம் வேலை வந்தது. சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் வாளியில் கொழுகொழுவென்று ஒரு செடி. ரப்பர் செருப்பு மாதிரி தடித்த, பளபளக்கும் இலைகள். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"வாளியில என்னடா?"

"துளிர்த்துடுச்சா மாமா? நான் அப்பவே சொன்னேன்ல!"

"ஒரு வாரத்துல இடுப்பு உயரத்துக்கா?"



"நல்ல செடி மாமா. எல்லா ஆபீஸ் வாசல்லயும் இதான் வெக்கறாங்க."

"குச்சி எங்க?"

"செத்த குச்சி முன்னால தினம் டீ குடிச்சுட்டு உக்காந்திருக்கீங்கன்னு அம்மாவுக்கு பயம். அக்கா போனதுல உங்களுக்குக் கழண்டுடுச்சோன்னு..."

"குச்சி எங்கடா?"

"அம்மாகிட்டதான். தூக்கிப் போட மனசு வரல. காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காங்க."

சட்டைப் பொத்தானை மாடிப்படியில் போட்டுக்கொண்டே இறங்கினேன்.

அத்தை வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வாய் அறுத்த ஒரு பிளாஸ்டிக் குடம். அடியில் ஓட்டை கிடையாது. உள்ளே கஞ்சி மாதிரி சேறு. நடுவில் குச்சி. தவளை குடிவந்தால் வாடகை கேட்கலாம்.

"மாப்ளே, கோவிச்சுக்காதீங்க," என்றார் அத்தை. "எப்படியாவது பச்சை காட்ட வெச்சுட்டு, சத்தமில்லாம உங்க வீட்டுல கொண்டுவந்து வெக்கலாம்னு பாத்தேன்."

"இது சரிவுல வளர்ற மரம் அத்தை. வேர்ல தண்ணி தேங்கக் கூடாது. அழுகிடும்."

"தண்ணி ஊத்தி யாராவது செடியைச் சாகடிப்பாங்களா?"

குடத்தைச் சாய்த்தேன். வேர் முள்ளங்கி பருமனில் இருந்தது. நுனி கறுத்து, நாற்றம் அடித்தது. சமையலறைக் கத்தியால் கறுத்த பாகத்தை நறுக்கினேன். மிச்சம் வெள்ளையாகத்தான் இருந்தது. அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"பொழைக்குமா?"

"தெரியல. இனிமே தொட்டியில வெச்சா கண்டிப்பா பொழைக்காது. சரிவுக்குக் கொண்டுபோறேன்."

"நானும் வரேன்."

மச்சான் காரில் போனோம். குச்சி ஈரச் சாக்கில், அத்தை மடியில். அவள் வேலை பார்த்த நிலையத்தின் வாசலில் இருந்த காவலாளி என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார்.

சரிவில் சரளைக்கல்லும் காய்ந்த புல்லும்தான். கோடை மழை ஒன்று பெய்து போயிருந்தது. ஈரம் ஓடி இறங்கியிருந்தது. எங்கும் தேங்கவில்லை. பெரிய வேங்கைகள் ஒரு இலைகூட இல்லாமல் நின்றன. ஒரு மரத்தில் கிளை முறிந்த இடத்திலிருந்து சிவப்பாகப் பிசின் வடிந்து, ரத்தம் போலவே உறைந்திருந்தது.

"என் பொண்ணு இங்கயா வேலை பாத்தா?" என்றார் அத்தை. "எல்லாமே செத்துக் கிடக்குதே."

"அம்மா, கொஞ்சம் மெதுவா பேசு. மரத்துக்குக் கேட்டா சங்கடப்படும்," என்றான் மச்சான்.

அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

கீழே, புல்லுக்கு நடுவே, தகரத் துண்டு கட்டிய காய்ந்த குச்சிகள் வரிசையில்லாமல் நின்றன. எல்லாம் அவள் கட்டியவை. ஒரு குச்சியின் அடியில், மண்ணை ஒட்டி, நகக்கண் அளவுக்கு ஒரு தளிர் வந்திருந்தது. அத்தை மண்டியிட்டு அதையே பார்த்தார். அவள் மண்டியிடுவது போலவே, ஒரு கையை மண்ணில் ஊன்றி.

மச்சான் குழி வெட்டினான். இறக்கினேன். மண் தள்ளினேன். அத்தை குச்சியின் அடியை நகத்தால் லேசாகச் சுரண்டினார். தோலுக்குக் கீழே பச்சை.

"மாப்ளே! உயிர் இருக்கு!"

அந்தச் சந்தோஷத்தில் கைப்பையிலிருந்து பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அப்படியே கவிழ்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். அப்படிப் பிடித்ததே இல்லை. இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஒரு வாய்தான் மாப்ளே. பாவம்."

"வேணாம் அத்தை. மழை பாத்துக்கும்."

அவர் பாட்டிலை மூடினார். குச்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்கதான கூட இருந்தீங்க. நிஜமா கடைசியா என்ன சொன்னா அவ?"

"கேட்டா திட்டுவீங்க."

"சொல்லுங்க."

அன்று ஆஸ்பத்திரியில் அவள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கூடவே ஓடினேன். கதவுக்கு முன்னால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே அத்தையிடம் சொன்னேன்:

"அந்த வாளியை எங்கம்மா கையில மட்டும் குடுத்துடாத. தண்ணி ஊத்தியே கொன்னுடும்."